காயலுக்கு நாங்கள் வந்துவிட்டோம், அக்கா

மூன்று முறை துவைத்தும் அந்தத் தொப்பியில் தூண்டிலுக்கு இரை வைத்த இறால் வாடை போகவில்லை. கம்பெனியில் கழித்த பனியன் துணியில் நீங்கள் தைத்துத் தந்த தொப்பி. "அதத் தூக்கிப் போட்டாத்தான் என்ன?" என்றார் என் வீட்டுக்காரர். மாட்டேன் என்றேன். வாடை பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும்.

நெருப்பெரிச்சல் ஊர் பனியன் கம்பெனியில் பத்து வருடம் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்து தைத்தோம். பிறகு தூத்துக்குடிப் பக்கம் உங்கள் ஊருக்கே திரும்பிப் போனீர்கள். கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் காயலில், உங்கள் தம்பியின் படகில், வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போனீர்கள். இன்ஜின் தம்பி பொறுப்பு. எங்கே நிறுத்துவது, எந்த நீரோட்டத்தில் இரையை விடுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்கு மட்டும். செக்கிங், பேக்கிங், டெய்லர் என்று கம்பெனிப் பெண்கள் ஐந்து பேர். ஆண் துணை இல்லாமல் எதற்கு வருகிறார்கள் என்று கேட்டவர்களிடம், "மீன் பிடிக்கத்தான்" என்றீர்கள்.

முதல் நாள் நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? தூண்டில் நரம்பு விறைத்தது. பெரிய கொடுவா மீன். மிஷினில் நூல் விறைத்தால் அறுந்துவிடுமென்று சட்டெனத் தளர்த்துவோமே, அதே பழக்கத்தில் கை நரம்பைத் தளர்த்திவிட்டது. மீன் தூண்டில் முள்ளைத் துப்பிவிட்டுப் போயே போய்விட்டது.

"ஏட்டி, இது ஓவர்லாக் மிஷின் இல்ல! ஏன் விட்ட?"

"அறுந்துருமுன்னு பயந்துட்டனுங்க அக்கா."

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது. நீயா விடாத."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ ஆத்திரமாக வந்தது. உங்கள் மேல் அல்ல, பயந்து பயந்தே விட்டுக்கொடுத்துப் பழகிய என் கை மேல்.

போன ஆவணியில் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. இரண்டு மாதம் கழித்துத் தம்பிக்கு போன் செய்தேன்.

"அக்கா இல்லாம பொம்பளையளக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ. வேண்டாம்மா."

"அந்த நாலு பேரப் படகுல ஏத்தச் சொல்லலீங்களே. எங்களத்தான் ஏத்தச் சொல்றனுங்க. நீங்க இன்ஜினப் பாருங்க, முன்னால நான் உக்கார்றனுங்க."

 "ஞாயித்துக்கெழம வெள்ளன வந்துருங்க" என்றார் தம்பி.

வீட்டிலும் சண்டைதான். "அவங்களே போயிட்டாங்க, இன்னும் அங்க என்ன இருக்குது?" என்றார் அவர். "அவங்க போனதுனாலதானுங்க போறேன்" என்றேன்.

போன ஞாயிறு ஐந்து பேரும் போனோம். உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு என்ன தெரியும்? தப்பான இடத்தில் நிறுத்தச் சொன்னேன். உச்சி வெயில் வரை ஒரு பொடிமீன்கூட இல்லை. பக்கத்துப் படகிலிருந்த ஆண்கள் குரல் கொடுத்தார்கள்.

"என்னம்மா, ஒண்ணும் மாட்டலியா? அதுக்குத்தான் வெவரம் தெரிஞ்ச ஆளோட வரணுங்கறது!"

எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா. நீங்கள் இருந்திருந்தால் என்ற நினைப்புதான். உட்கார்ந்தபடி அழுதால் தோற்ற மாதிரி ஆகிவிடும். அதனால் எழுந்து நின்றேன்.

"மாட்டலீங்க. அடுத்த மாசமும் வருவோமுங்க. அதுக்கடுத்த மாசமும் வருவோமுங்க."

 தம்பி இன்ஜினைக் கிளப்பிவிட்டு, எப்போதும் உங்களிடம் கேட்பதை என்னிடம் கேட்டார்.

"எந்தப் பக்கம் போவட்டும்?"

தெரியாது என்று நான் சொல்லவில்லை, அக்கா. ஒரு பக்கமாகக் கையை நீட்டிக் காட்டினேன்.