அலைகாட்டியில் கோடு வந்துவிட்டது

இது யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள்.

என் செல்ல அம்மா,

பேசாலை ஊர் முழுக்க நித்திரை. நான் உங்கள் வேலையறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். விளக்கைப் போடாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வருகிறார். றேடியோ திருத்த நீங்கள் வாங்கிய அலைகாட்டியை அவரிடம் கொடுக்க அப்பா முடிவெடுத்துவிட்டார். நீங்கள் காய்ச்சலில்தான் எங்களை விட்டுப் போனீர்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும், "உயிர் குடிக்கிற பெட்டி வீட்டில வேண்டாம்" என்கிறார். அவருக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருக்கிறதோ?

மன்னாரில் ஒரு வாத்தியார் வீட்டுக் கொட்டிலிலிருந்து அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி வால்வும் வயரும் உதிரியாகப் பெட்டியில் வர, யாரோ எப்போதோ வீட்டிலிருந்தே பொருத்திப் பூட்டிய கருவி. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சூசை மாமா கிண்டல் பண்ணாமல் விடவில்லை.

"என்ன பிள்ளை, அலை காட்டுற மிசினோ? அலை பாக்க இஞ்ச வந்தால் காணுமே!"

"உங்கட அலை கண்ணுக்குத் தெரியும் அண்ணை. றேடியோவுக்குள்ள ஓடுற அலையை எப்பவாவது பாத்தனீங்களோ?"

சூசை மாமா வலையைப் போட்டுவிட்டுப் பெட்டியை எட்டிப் பார்க்க எழும்பி வந்தார்.

மெழுகு உருகி வழிந்த பழைய கொன்டென்சர்களை மாற்றினீர்கள். உப்புக்காற்றில் களிம்பு பிடித்த வால்வுக் கால்களைப் பொறுமையாகச் சுரண்டினீர்கள். மின்சாரம் ஓடும்போது உள்ளே தொட வேண்டி வந்தால், நூலில் கோத்த மரமணிச் செபமாலையை இடக்கையில் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வீர்கள். அதைப் பார்த்துத்தான் அப்பா பயந்தார்.

"செபமாலை பிடிச்சுச் செய்யிற வேலை உனக்கு ஏன்?"

"இது செபத்துக்கில்லை, இஞ்சேருங்கோ. சும்மா இருக்கிற கை தகரத்தைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சுக்குள்ளால போயிடும். அதுதான் அந்தக் கைக்கும் ஒரு வேலை குடுத்திருக்கிறன்."

அப்பாவின் காதில் 'நெஞ்சுக்குள்ளால' மட்டும்தான் விழுந்தது.

கடைசிவரை திரையில் ஒரு பச்சைப் புள்ளிதான் நின்றது. கோடாக நீளவில்லை. ஏன் என்று தெரியாமலே போய்விட்டீர்கள். நீங்கள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை, அம்மா! இன்றைக்குப் பிளக்கைக் கழற்றி, உங்களைப்போலவே உள்ளே தங்கிய மின்சாரத்தையும் இறக்கிவிட்டு, வயர்களைக் குச்சியால் அசைத்துப் பார்த்தேன். ஒன்று ஆடியது. முதன்முதல் பூட்டிய ஆள் அந்த வயரைக் கொழுவி மடித்துவிட்டு, ஈயம் உருக்கி ஒட்ட மறந்திருக்கிறார். இத்தனை வருசமும் அது வெறுமனே தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. பயந்து பயந்து நானே ஈயம் வைத்தேன்.

பிளக்கைத் திரும்பச் செருகினேன். கோடு வந்தது, அம்மா. மெல்லிய, நேரான பச்சைக் கோடு. கத்தாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். இப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிறது. உங்களுக்குத் தெரிகிறதா?

விடிந்ததும், இரும்புக்காரர் வருமுன், அப்பாவைக் கதிரையில் இருத்தி இதைக் காட்டுவேன். அடித்தாலும் நான்தான் செய்தேன் என்று சொல்லுவேன். இது உயிர் குடிக்கிற பெட்டி இல்லை, எங்கள் அம்மா உயிர் கொடுத்த…

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"பிள்ளை, திற. உள்ளுக்க என்ன பச்சை வெளிச்சம்?"

நிற்பாட்டவா? இல்லை, எரியட்டும். திறக்கப் போகிறேன்.

உங்கள் மகள்