சீக்காளி என்றால் நம்புவார்கள்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டிக்குக் கரி மூட்டிக்கொண்டிருந்தார். ஈரக்கரி போலிருக்கிறது, புகை சன்னல் வழியாக உள்ளே வந்தது. கையில் இருந்த காப்பியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸின் நாற்றம் அது. அந்த நாற்றத்தைத் தலையிலும் சேலையிலும் சுமந்துகொண்டுதான் அன்று தன்னந்தனியாக உன்னைத் தேடி வந்தேன். நீ போன பிறகு உன்னோடு பேச எனக்கு வாய் வரவில்லை. இன்று வருகிறது.

அந்த வருஷம் நீ தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. அத்தான் மட்டும் திருவனந்தபுரத்திலிருந்து வந்து, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். "அவளுக்கு மூச்சிழுப்பு ஜாஸ்தி. பிரயாணம் ஆகாது" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார். நான் வந்து பார்க்கிறேன் என்றால், "இப்ப வேண்டாம்" என்பார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா சொன்னாள்: "கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்காரு. என் பிள்ளையை என்னமோ பண்ணிட்டாரு." பிள்ளை பெறாதவளை எத்தனை நாள் வைத்திருப்பான் என்று தெருவில் பேச்சு. வேறொருத்தி வந்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். நீ உயிரோடேயே இல்லை என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அப்பா இல்லை. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில். போய்ப் பார்க்க வேறு ஆள் ஏது? அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, உனக்குப் பிடித்த கருப்பட்டியை ஒரு பையில் கட்டிக்கொண்டு திருநெல்வேலியில் பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் என்னைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். மேட்டில் பஸ் மூச்சுவாங்கி நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். அப்போதும் அவர்கள் பார்வை என்மேல்தான். ஆரல்வாய்மொழி எல்லைச் சௌக்கையில் அரிசி கடத்துகிறார்களா என்று மூட்டைகளைச் சோதித்தார்கள். காவல்காரர் என் பையைக் கிளறிவிட்டு, "ஒற்றைக்கோ? கூடெ ஆரும் இல்லே?" என்றார். அக்காளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். கருப்பட்டியை முகர்ந்து பார்த்தார். அதை நம்பினார், என்னை நம்பவில்லை.

நாகர்கோவிலில் குடையோடு ஏறிய ஒருவர் எங்கே போகிறேன், யார் வீட்டுக்கு என்று விடாமல் கேட்டார். பஸ் போய் நிற்கும் தம்பானூரில் என் தம்பி காத்திருப்பான் என்று பொய் சொன்னேன். நமக்கு ஏது தம்பி? இறங்கியதும் அவர் கண்ணில் படாமல் ஒரு ஜட்கா பிடித்துச் சாலைக் கடைத்தெருவில் அத்தானின் துணிக்கடைக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அத்தான் கையிலிருந்த துணியளக்கும் கம்பைக் கீழே வைத்துவிட்டார். "சொல்லாம கொள்ளாம வந்திருக்கியே" என்றார். வா என்று சொல்லவில்லை. நான் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனேன். உன் அடுக்களையில் முண்டு கட்டிய ஒரு பெண் மீன் அரிந்துகொண்டிருந்தாள். "அக்கா இவிடெ இல்லல்லோ" என்றாள். மேலே கேட்டதற்கு, தான் சமையலுக்கு வந்தவள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்லாத்துல இருக்கா" என்றார் அத்தான். "பொன்முடி மலையடிவாரம். நல்ல காத்து வேணும்னு வைத்தியர் சொன்னாரு."

"எப்ப வருவா?"

"பார்க்கலாம்."

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க."

சரி என்றார். விடிந்ததும், கடையைப் போட்டுவிட்டு வர முடியாது என்றார். அவர் கடைக்குப் போன பின் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உன் சேலைகள் அத்தனையும் அதில் இருந்தன. கல்யாணப் பட்டு, நான் எடுத்துக் கொடுத்த ஊதாச் சுங்கடி, எல்லாம். காற்று மாற்றத்துக்குப் போகிறவள் கட்டிய துணியோடா போவாள்? பெட்டியை மூடினேன். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

விதுரா வரை பஸ். அதற்கு மேல், மலைத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும் மாட்டுவண்டி. வண்டிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தமிழ் கலந்து பேசினார். யாரைப் பார்க்கணும் என்றார். சாலைத் துணிக்கடைக்காரர் பெண்சாதி, இழுப்புக்காரி என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார்.

"அங்ஙனெ ஒரு ஆளு கல்லாத்துல இல்லியே அம்மா. சீக்காளி ஆரும் அங்ஙு இல்ல."

மரங்கள் இருபுறமும் நெருங்கிக்கொண்டே வந்தன. உன்னை எங்கே புதைத்திருப்பார்கள் என்றுகூட நினைத்தேன், அக்கா. அத்தானின் பெயரைச் சொல்லி எந்தப் போலீஸ் கச்சேரியில் எழுதிக் கொடுப்பது என்றும் யோசித்தேன்.

ஆற்றங்கரையில் ஓலை வேய்ந்த ஒரு கஞ்சிக்கடை முன்னால் வண்டி நின்றது. தோட்டத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முரட்டுக் கைத்தறியை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, பெரிய கஞ்சிப் பானையை இடுப்பில் இடுக்கியபடி ஒரு பெண் வெளியே வந்தாள். வெயிலில் கறுத்து, தோள் திரண்டு, கொஞ்சம் சதை வைத்திருந்தாள். நீ என்று எனக்குப் பிடிபடவே சிறிது நேரமாயிற்று.

நீ பானையை இறக்கி வைத்தாய். "ஏட்டி, நீயா? உக்காரு. பசிக்குதா?" என்றாய். அப்புறம் வண்டிக்காரரைப் பார்த்து, "இவ என் கூடப்பிறந்தவ. இவகிட்டச் சொல்லலாம்" என்றாய்.

ஆட்கள் போன பிறகுதான் சொன்னாய். சாலைக் கடைத்தெருவில் துணித் தூசியும் மிளகாய் மண்டித் தூசியும் சேர்ந்து உன்னை உட்கார்ந்தே தூங்க வைத்ததை, ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று இங்கே வந்ததை, வந்த சில நாளில் மூச்சு தானாக வந்ததை. மாதம் முடிந்து அத்தான் அழைக்க வந்தபோது மாட்டேன் என்றுவிட்டாயாம். கெஞ்சினார், கோபப்பட்டார், பிறகு அரிசி அனுப்ப ஆரம்பித்தார். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பு ஊத முடியுமா என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. விறகு கொண்டுவந்து போட்டவனைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காதவனைப் பார்த்தேன். வண்டிக்காரர் போகும்போது உன்னிடம் என்ன சொன்னார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நீ அதைக் கவனித்துவிட்டாய்.

"யாரைட்டி தேடுதே?"

"யாரும் இல்லையாக்கா?"

"இல்லேன்னா நீயே நம்பலை பாரு. ஊரு நம்புமா? ஒரு பொம்பளை சும்மா மூச்சுவிடறதுக்குத் தனியா இருக்கான்னா எவனும் ஒத்துக்க மாட்டான். அதான் சீக்குன்னு சொல்லச் சொன்னேன். சீக்காளின்னா நம்புவாங்க."

"அத்தானைக் கொலைகாரன்ங்காங்க ஊர்ல."

உன் முகம் வாடிப்போயிற்று. அது உனக்குத் தெரியாது. "அந்த மனுஷன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றாய். வெகுநேரம் கஞ்சிப் பானையையே தேய்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "நீ பாத்துட்டு வந்ததா அம்மாகிட்டச் சொல்லு. சீக்குதான்னு சொல்லு. அவரு பேரு தெளியட்டும்" என்றாய்.

அப்படியே சொன்னேன். நீ எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறாய், அத்தான்தான் பக்கத்திலிருந்து கஷாயம் கொடுக்கிறார் என்றேன். அம்மா அழுதாள், ஆனால் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள். தெரு மொத்தமும் நம்பிற்று. அடுத்த தீபாவளிக்கு வந்த அத்தானைத் தங்கமான மனுஷன் என்றார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

நீ போன செய்தி வந்தபோதும், பாவம், ஆயுசு பூரா சீக்காளி என்றார்கள். நான் ஆமாம் என்றேன்.

உன்னிடம் ஒன்றை மறைக்கமாட்டேன், அக்கா. நான் உன்னை முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்ல முடியாது. நான் கிளம்பிய அன்று விடியலில் நீ முட்டளவு ஆற்றில் நின்று, எதிர்க்கரையைப் பார்த்து, "கஞ்சி ஆச்சு, வாங்க" என்று கூவினாய். கரை முழுக்கப் பனி. அங்கே யார் நின்றது, ஒருவரா பலரா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலை நம் வீட்டில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இருமல் இல்லை, இழுப்பு இல்லை. ஒரே மூச்சில் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. யாரைக் கூப்பிட்டாய் என்று இன்றும் சில நாட்களில் யோசிப்பதுண்டு. பிறகு யாராயிருந்தால் என்ன என்று விட்டுவிடுவேன். குரல் மட்டும் காதிலேயே நிற்கிறது.