மனுவின் கடைசி வரி

பெக்கோக் தோட்டம்,
1918 நவம்பர் 9.

பிரியமுள்ள கெர்ட்ரூடுக்கு, உனக்கும் உன் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் சர்வேசுரன் நற்சுகம் தரவேண்டி உன் தோமஸ் எழுதுவது.

உன் கடிதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வந்து சேர்ந்தன. அங்கே தங்காக்கில் இந்தக் கொள்ளைக் காய்ச்சல் குறைவு என்று அறிந்து நிம்மதியானேன். இங்கே கூலிகளின் லயத்தில் பாதி வீடுகள் படுக்கையில். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்க ஆளில்லை. என்னைப் போல் கணக்கெழுதும் கிராணிமார் விரும்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று துரை உத்தரவு கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை ரயிலில் புறப்படுகிறேன் என்று போன வாரம் எழுதினேன் அல்லவா, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு சங்கதி.

சிகாமட்டிலிருந்து டாக்டரை அழைக்கும்படி ஜனங்களுக்காகத் துரைக்கு மனு எழுதினேன். வழக்கம்போல ‘தங்கள் கம்பாஷனை வேண்டி’ என்று முடித்தேன். ஏழு வருஷமாக எல்லா மனுவையும் அப்படித்தான் முடிக்கிறேன், மேலே இருப்பவர் குனிந்து பார்த்து ஐயோ பாவம் என்பதுதான் அது என்று நினைத்துக்கொண்டு. சாகக் கிடந்தவர்களுக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்த சுவாமியார் அதைப் படித்துவிட்டு, கம்பாஷன் என்கிற இந்த இங்கிலீஷ் சொல்லின் பொருள் தெரியுமா தோமஸ் என்று கேட்டார். இரக்கம் என்றேன், பெரிய பண்டிதன் மாதிரி. அவர் சிரித்தார். லத்தீனில் ‘கும்’ என்றால் கூட, ‘பாஸியோ’ என்றால் பாடுகள் என்றார். பெரிய வெள்ளிக்கிழமை நாம் முழந்தாளிட்டுத் தியானிக்கிறோமே, ஆண்டவருடைய அதே பாடுகள். கூடச் சேர்ந்து பாடுபடுவதுதான் கம்பாஷனாம். கெர்ட்ரூட், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய சொல்லையா நான் மை காய்வதற்குள் அவசரமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன்!

ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிற அங்கம்மாளை உனக்குத் தெரியும், உன்னோடுகூட ஒருமுறை சண்டைக்கு வந்தாளே. பக்கத்து வீட்டுக் காளியப்பனோடு ஒரு கோழிக்காக இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை. அவன் குடும்பமே விழுந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். கஞ்சி ஊட்டினாள், வாந்தி அள்ளினாள், அவர்கள் நடுவிலேயே படுத்துக்கொண்டாள். உனக்கேன் இந்த வேலை என்று அதட்டினேன். அவங்க மொனகுறது செவுத்துக்கு இந்தாண்ட கேக்குதுங்க கிராணியாரே, எனக்குச் சோறு எறங்கல, அதான் வந்துட்டேன் என்றாள். நான் அப்போது மூக்கில் கைக்குட்டையோடு வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். கைநாட்டு வைக்கிற பெண். அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

நேற்று முதல் அவளும் படுத்துவிட்டாள். டாக்டர் இன்னும் வரவில்லை. அந்த வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க ஆளில்லை. இன்று காலை நான் உள்ளே போனேன். கஞ்சி ஊட்டினேன். பயம்தான், உன்னிடம் மறைப்பானேன்.

ஆகையால் திங்கட்கிழமை நான் வரவில்லை. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொன்ன வாக்கை மறக்கவில்லை. நீ அழுவாய். நன்றாகத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். தேவமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. உன்னிடம் ஒரே ஒரு மன்றாட்டு: வா என்று மட்டும் எழுதிவிடாதே. நீ எழுதினால் நான் வந்துவிடுவேன்.

என்றும் உன்,
தோமஸ்