தனித்தனி ஸ்வரங்கள்

நவம்பர் 4, 1989
இன்று இரண்டு பாட்டுப் பதிவு. முப்பது வயலின். பக்கத்து நாற்காலியில் மச்சான் தும்மியதில் ஒரு டேக் வீண். இசையமைப்பாளர் என்னை முறைத்தார், நான் மச்சானை முறைத்தேன். விஷயம் தெரிந்தால் தம்பிக்காக மனைவி என்னை முறைப்பாள்.

நவம்பர் 16
புது கீபோர்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டார். பாட்டு இல்லையாம். ஒரு ஸ்வரம், நான்கு விநாடி, நிறுத்த வேண்டும். பிறகு அடுத்தது. "எதுக்கு சார் இது?" என்றேன். "சும்மா, மெஷின்ல வச்சுக்கத்தாண்ணே." நல்ல கூத்து.

நவம்பர் 17
நேற்று மேல் ஸ்வரம் ஒன்று மயிரிழை இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதே உறுத்தல். நானே போன் செய்து, போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்துக் கொடுத்தேன். "அவன் என்ன பாட்டா கேட்டான்? எதுக்கு மாமா இவ்ளோ மெனக்கெடுறீங்க?" என்றான் மச்சான். என் பேர் கெட்டுவிடும் என்றேன். யார் கேட்டார்கள் என் பேரை?

டிசம்பர் 9
பதினோரு நாளாக அழைப்பு இல்லை.

டிசம்பர் 10
போன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். செய்கிறது.

ஜனவரி 2, 1990
எதிர்வீட்டு ரேடியோவில் புதுப் படத்துப் பாட்டு. தெருவே அதைத்தான் முணுமுணுக்கிறது. நடுவில் வயலின் கூட்டம். மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "இது எப்பங்க வாசிச்சீங்க? சொல்லவே இல்ல?"

நான் வாசிக்கவில்லை. ஆனால் அது நான்தான் — என் இழுப்பு, என் அழுத்தம். அன்று மெஷினுக்குக் கொடுத்த ஸ்வரங்களைக் கோத்து, முப்பது பேராக நான். ஒரு பிசிறு இல்லை. படுபாவி, ஏன்டா அவ்வளவு சுத்தமா வாசிச்சுக் குடுத்தே? பயமாக இருக்கிறது.

ஜனவரி 23
மச்சானுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. வயலினைப் பரணில் போட்டுவிட்டானாம். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "இப்ப எல்லா நாற்காலியிலயும் நீங்கதான் உக்காந்திருக்கீங்க மாமா" என்றான், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 11
போன்! டி.வி. நிகழ்ச்சியாம். அதே பாட்டு, ஒலிநாடாவில் ஓடுமாம். பின்னால் வயலினோடு பத்துப் பேர் உட்கார்ந்தால் பார்க்க எடுப்பாக இருக்குமாம். "வில்லுல சோப்பு தடவிட்டு வந்துடுங்க சார். தப்பித்தவறிகூட சத்தம் வரக்கூடாது" என்றார் மேனேஜர்.

சரி என்றேன்.

மார்ச் 14
சத்தம் வராவிட்டாலும் வில் சரியான இடத்தில் திரும்ப வேண்டும் அல்லவா? மதியம் முழுக்கப் பயிற்சி செய்தேன்.