எமில் அடைத்த சவர்க்காரம்

என் அன்புக்குரிய மச்சான் எமிலுக்கு,

அன்பு என்று எழுதுவது செத்த மனிசனுக்குக் காட்டும் மரியாதை. நீ உயிரோடு இருந்திருந்தால் கொட்டாஞ்சேனைச் சந்தியில் வைத்துச் சட்டையைப் பிடித்திருப்பேன்.

வருகிற ஞாயிறு உன் ஆண்டுப் பூசை. பிறகு உன் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொல்ல என் தங்கச்சி ஜசிந்தா ஊரையே கூப்பிட்டிருக்கிறாள். படத்துக்கு நேர் கீழே என்ன நிற்கிறது? உன் கிழட்டு மோட்டார் சைக்கிள். ஒழுங்கையில் விட்டால் விடிய இருக்காதென்று வீட்டு முன் ஹோலுக்குள் ஏற்றிப் பழக்கியவன் நீதானே? பஸ்ஸில் தொங்கிக் களைத்துப்போய், போன மாதத்திலிருந்து உன் மகள் ஷெரின் அதில்தான் வத்தளைக்கு வேலைக்குப் போகிறாள்.

உன் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே எனக்குப் பெற்றோல் மணம் பிடித்துவிட்டது, படத்தடியிலோ இப்போதே ஒரு திரி எரிகிறது. என் மூக்கு எப்படிப்பட்டது? துறைமுகத்துக்கு வந்த கப்பலில் எண்ணெய் எங்கே ஒழுகுகிறதென்று கரையில் நின்றே மோந்து சொன்னவன் நான். கப்டன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். நீ நம்பவில்லை. அவனும் இப்போது மேலேதான் இருப்பான், கேட்டுப் பார்.

"திரியை அணை! உன்ட புருசன் செத்தும் வீட்டை எரிக்கப் பாக்கிறான்!"

"பழைய சைக்கிள் எண்டா மணக்கும்தானே அண்ணா. அவரே சொல்லுவார்."

மணக்காது, எமில். ஒழுகினால்தான் மணக்கும். இத்தனை வருசம் என்ன பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறாய்?

சைக்கிளை ஒழுங்கைக்கு உருட்டினேன். பெற்றோல் தாங்கிக்கு அடியில் இருக்கும் டெப்பைப் பூட்டினேன், மணம் குறைந்தது. திறந்தேன், திரும்ப வந்தது. ஆகக் கோளாறு காபரேட்டர் பக்கம். ஆனால் தடவிப் பார்த்தால் வெளியே எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது! வேறு எவனும் அங்கேயே கைவிட்டிருப்பான். நான் எஞ்சின் ஒயில் குச்சியை இழுத்து மோந்தேன். ஒயில் தண்ணியாகி, பெற்றோல் நாற்றத்தோடு குறிக்கு மேலே ஏறி நின்றது.

காபரேட்டருக்குள், நிரம்பியதும் வழியை மூட வேண்டிய மிதவையின் ஊசி தேய்ந்துவிட்டது. பெற்றோலை நிறுத்தாமல் விடுகிறது. அப்படி நிரம்பினால் வெளியே வழியத்தான் அடியில் ஒரு றப்பர் குழாய் இருக்கிறது. அதன் வாயில் நீ உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை அடைத்து வைத்திருக்கிறாய்! தாங்கியில் ஓட்டை விழுந்தால் வீடு வந்து சேரும்வரை சவர்க்காரம் பூசுவது எல்லா டிரைவரும் செய்வதுதான். வழிய வேண்டிய குழாயை யாராவது அடைப்பானா? ஹோல் தரை கறைபடும் என்றா? வழியில்லாத பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது, அதற்கு மேல்தான் உன் பிள்ளை உட்கார்ந்து போகிறாள்.

கிண்டி எடுக்க ஸ்குறுடிரைவரை நீட்டினேன். ஜசிந்தா என் கையைப் பிடித்தாள்.

"தொடாதீங்க அண்ணா. அதில அவர்ட பெருவிரல் பதிஞ்சிருக்கு."

பார்த்தேன். ரேகை ரேகையாகப் பதிந்துதான் இருந்தது.

"உனக்கு மகள் வேணுமா, பெருவிரல் வேணுமா?"

அவள் கையை விடவில்லை. எப்போது அவள் என் பக்கம் நின்றாள்?

ஷெரின் குசினியிலிருந்து கத்தரிக்கோலோடு வந்தாள். "மாமா, கொஞ்சம் வாயை மூடுங்க. ஒழுங்கை முழுக்கக் கேக்குது." சவர்க்காரத்துக்கு மேலே ஒரு விரல் அளவு விட்டு, குழாயை நறுக்கென்று வெட்டினாள். சைக்கிளோடு நின்ற முனையிலிருந்து பெற்றோல், கீழே அவள் தள்ளி வைத்த பிளாஸ்டிக் பேசினுக்குள் கொட்டியது.

"இந்தாங்க அம்மா, அப்பாட விரல்."

ஜசிந்தா அதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். என்னால் முடியாததை உன் மகள் ஒரு வெட்டில் முடித்தாள். அந்தப் புத்தி எங்கள் பக்கத்தது, உன்னுடையதல்ல.

புது ஊசி போட்டு ஒயில் மாற்றிவிட்டேன். உன் பெருவிரல் ஜன்னலில் வெயில் காய்கிறது. மணம் போய்விட்டதென்று நான் மோந்து சொன்ன பிறகுதான் அது படத்தடிக்கு வரும். ஞாயிறன்று முதலாவது திரியை நானே கொளுத்துவேன்.

அந்தச் சைக்கிளில் நீ செய்த மிச்சக் கைவேலையையும் தேடித் தேடிக் குலைப்பேன், இது சத்தியம். பல்லைக் கடித்துக்கொண்டு பார். இனி ஒழுகினால் எல்லார் கண் முன்னாலும் தரையில் ஒழுகட்டும். குழாயின் கீழே பால்மா டின் வைத்திருக்கிறேன்.

உன்னோடு சண்டை தீராத,
உன் பெண்சாதியின் அண்ணன் பேணாட்