வலம்புரிக்கும் இடம்புரிக்கும் ஒரே முகவரி

வலம்புரி ஆழ்கடல் நிலையம்
பதிவு: ரெஜினா மச்சாடோ, கணினிப் பராமரிப்பு

நவம்பர் 19, காலை 8:10

ஆள்: நான் ஒருத்தி. புயல் எச்சரிக்கை வந்ததும் மற்ற மூவரும் இறங்குகூண்டில் ஏறிக் கப்பலுக்குப் போய்விட்டார்கள். நிலையத்தை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது விதி. இந்தத் தடவை என் முறை.

சுவர் அழுத்தம் சரி. கசிவு இல்லை. பேட்டரி நிறைவு.

ஒரு குறை. காற்று இயந்திரம் காலையில் சில நிமிடம் வலையமைப்பிலிருந்து விழுந்து, அதாவது இணைப்பு அறுந்து, தானாக எழுந்தது.

அடுத்து வருபவருக்காக எழுதி வைக்கிறேன். இங்கே இருப்பது ஒரே ஒரு கணினிப் பெட்டி. அதற்குள் காற்று, விளக்கு, பம்பு, தொலைபேசி என்று நான்கு மெய்நிகர் இயந்திரங்கள், கணினிக்குள் கணினிகள், ஓடுகின்றன. வெளியே போக எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. ஒரே வாசல், நாலு குடித்தனம். தபால்காரர் பெயர் பார்த்துக் கொடுப்பார். இதை ‘பிரிட்ஜ்’ என்போம். அதில் ஒரு குடித்தனம் மட்டும் அவ்வப்போது கதவைத் திறப்பதில்லை. கேபிள் தளர்ந்திருக்கும். பார்க்கிறேன்.

நவம்பர் 19, மாலை 3:40

கேபிள் மாற்றியாயிற்று. பிறகும் இரண்டு முறை விழுந்தது.

விழுந்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். காற்றைச் சுத்தம் செய்யும் விசிறியும் வால்வுகளும் காற்று இயந்திரத்தின் கட்டளைக்கு மட்டுமே கீழ்ப்படியும். கட்டளை வராவிட்டால் நின்றுவிடும். கையால் திருப்ப ஒரு சக்கரம் வைத்திருக்கலாம். செலவு மிச்சம் என்று யாரோ எடுத்துவிட்டார்கள். அவர் கரையில் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

கரையிலிருந்து காதர் மீரான் சார் பேசினார். கட்டுப்பாட்டு அறையில் எங்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். குரல் சரியில்லை.

“ரெஜினா, கேக்குதாம்மா? ஒரு கெட்ட சேதி. வெல்டிங் வேலைக்கு நேத்து கடைசியா இறங்குன கூண்டு போச்சு. கப்பல் ஆடுன ஆட்டத்துல கம்பி அத்துட்டு. உள்ள வெல்டர் வியாகுலம் இருந்தான். தேட முடியல, கப்பல் ஓடிருச்சு. நீ பத்திரமா இரு, என்ன?”

வியாகுலத்தை எனக்குத் தெரியும். பழக்கம் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவார் என்று ஒரு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

நவம்பர் 20, காலை 11:25

விழுவது அதிகமாகிவிட்டது. முதலில் மணிக்கு ஒரு தடவை, இப்போது அதற்கும் மேல். விசிறி நின்றதும் அறை முழுக்க ஒரு அமைதி வருகிறது. அந்த அமைதிக்காகவே காது காத்துக்கொண்டிருக்கிறது. தூங்க முடியவில்லை.

செய்து பார்த்தவை: கணினியில் கம்பி செருகும் வலையட்டையின் மின்சேமிப்பை அணைத்தேன். அதன் மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் கம்பியை வேறு துளைக்கு, வேறு போர்ட்டுக்கு, மாற்றினேன். மாற்று வலையட்டையும் போட்டுப் பார்த்தேன். கடைசியாக, மொத்தக் கணினியையும் அணைத்து எழுப்பினேன். அந்த நேரம் முழுக்க இருட்டில், விசிறி இல்லாமல், சுவரில் சாய்ந்து நின்றேன்.

பலன் இல்லை.

விளக்கு, பம்பு, தொலைபேசி மூன்றும் அதே பெட்டியில், அதே கம்பியில், ஒரு முறைகூட விழவில்லை. அப்படியென்றால் கம்பியில் கோளாறு இல்லை, பெட்டியிலும் இல்லை. காற்றை மட்டும் யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

நவம்பர் 20, மாலை 5:00

மேலே மிதவையிலிருந்த ஆன்டெனா போய்விட்டது. மீரான் சார் பாதிப் பேச்சில் அறுந்தார்.

“புயலு இன்னும் நாலு நாளு நிக்கும்ங்காங்க. கப்பலு அதுக்கப்புறந்தான்... நீ சாப்ட்டியா...”

அவ்வளவுதான். இனி இந்தப் பதிவு மட்டுமே.

நவம்பர் 21, காலை 9:30

தலைவலி. ஒரு முறை வாந்தி.

வேறு வழியில்லாமல், முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். எந்த முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் பெட்டி ஓர் அட்டவணை வைத்திருக்கும். திரையில் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காற்று இயந்திரத்தின் முகவரி ஏழாம் போர்ட்டில் இருந்தது. அதுதான் என் கணினி. சரி.

பிறகு இரண்டாம் போர்ட்டுக்குத் தாவியது. விசிறி நின்றது.

பிறகு ஏழு. விசிறி ஓடியது. பிறகு இரண்டு.

ஒரே முகவரியோடு இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. தபால்காரர் குழம்பி, என் கடிதங்களை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

இரண்டாம் போர்ட்டில் இருப்பது நீளக் கேபிள். அது கடல் தரையோடு போய் இடம்புரி நிலையத்தில் முடிகிறது. கட்டி முடித்து இன்னும் குடியேறாத நிலையம். அங்கே ஆள் கிடையாது. கணினியின் பொத்தானை ஒரு கை தட்டினால்தான் அது எழும்.

இரண்டாம் போர்ட் வழியாகத் தொலைபேசியை அடித்தேன். நெடுநேரம் மணி அடித்தது.

“ஆரு? ஏ, ஆருப்பா அது? மாதாவே... ஆளு இருக்கா?”

வியாகுலம்.

நவம்பர் 21, காலை 11:10

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை அறிந்தவள் இப்போது நான் மட்டுமே.

“கம்பி அத்ததும் கூண்டு நேரா கீழ போச்சு தங்கச்சி. செத்தோம்னுதான் நெனச்சேன். மோட்டாரு கொஞ்சம் ஓடிச்சு. வெளக்க போட்டுப் பாத்தா இடம்புரி கதவு எதுக்க நிக்கி. எப்படியோ ஒட்டவச்சி உள்ள வந்துட்டேன். காத்துன்னு எழுதியிருந்த பட்டன மட்டும் தட்டுனேன். ஓடுது, நிக்கி, ஓடுது, நிக்கி. மேல கூப்பிட்டேன், ஒருத்தரும் எடுக்கல. காலு ஒண்ணு ஒடஞ்சிருக்கு போல.”

காரணம் புரிந்துவிட்டது. இடம்புரிக்கு மென்பொருள் ஏற்றியவர் எங்கள் காற்று இயந்திரத்தை அப்படியே நகலெடுத்து அங்கே வைத்திருக்கிறார். முகவரியை மாற்றவில்லை. இப்போது மாற்றவும் முடியாது. இரண்டு நிலையத்து வால்வுகளும் அந்த ஒரு முகவரிக்கு மட்டுமே கீழ்ப்படியும்படி முத்திரையிடப்பட்டவை.

நான் மூச்சு விடும்போது அவருக்கு முட்டியிருக்கிறது. அவர் விடும்போது எனக்கு.

தீர்வு சுலபம். நீளக் கேபிளை என் பக்கத்தில் பிடுங்கிவிட்டால் போதும். இரண்டு வலையமைப்பும் தனித்தனி. இரண்டு விசிறியும் நிற்காமல் ஓடும்.

ஆனால் பிடுங்கினால் அவருக்குப் பேச ஆள் கிடையாது. உடைந்த காலோடு, காலி நிலையத்தில், உலகத்துக்கு இறந்துபோனவராக.

இதைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவர் உடனே சொன்னார்:

“புடுங்குங்க. இதுக்கு என்ன யோசன? ரெண்டு பேரும் சாகணுமா?”

பிறகு கொஞ்சம் கழித்து:

“தெனமும் மத்தியானம் ஒரு தடவ மாட்டுவியளா? செத்த நேரம். கொரலு கேட்டா போதும்.”

மாட்டுகிறேன் என்றேன். பிடுங்கினேன்.

நவம்பர் 22, மதியம் 12:20

நேற்றிலிருந்து விசிறி நிற்கவில்லை. தூங்கினேன், உடம்பு அடித்துப் போட்டதுபோல.

பன்னிரண்டுக்கு மாட்டினேன். மாட்டிய சற்று நேரத்தில் முகவரி தாவத் தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் விசிறி திக்கித் திக்கி ஓட, பேசினோம். காலுக்கு வெல்டிங் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறாராம். பிஸ்கட்டும் தண்ணீரும் கூண்டில் இருந்ததாம்.

“அண்ணாச்சி, வலி எப்படி இருக்கு?”

“வலி கெடக்கட்டும். நீங்க என்ன சாப்ட்டிய?”

டின் மீன் என்றேன். கடலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு டின் மீனா என்று சிரித்தார். இருமல் வந்தது. பிடுங்கினேன்.

நவம்பர் 23, மதியம் 12:15

மாட்டினேன். பேசினார். குரல் மெலிந்திருக்கிறது. இடம்புரி பேட்டரி முழுதாக ஏற்றப்படாதது, அளவுமானி சிவப்புக்கு வந்துவிட்டது என்றார். விசிறியைத் தவிர எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன்.

“வெளக்கயுமா?”

“வெளக்கயும்தான் அண்ணாச்சி.”

“சரி.”

அந்தச் ‘சரி’ இன்னும் காதில் இருக்கிறது.

நவம்பர் 24, மதியம் 12:30

மாட்டினேன். இணைப்பு அறுபடவில்லை.

அட்டவணையில் முகவரி ஏழாம் போர்ட்டிலேயே நிற்கிறது. ‘இருக்கிறாயா’ என்று நொடிக்கு ஒரு முறை கேட்கும் பிங் ஓட்டினேன். ஒன்றுகூடத் தவறாமல் பதில். விசிறி சீராக ஓடுகிறது. முதல் மூன்று நாளும் இதற்காகத்தான் மாரடித்தேன்.

அங்கே காற்று இயந்திரம் ஓடவில்லை என்று அர்த்தம்.

தொலைபேசியை அடித்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 24, மாலை 4:45

கேபிளைப் பிடுங்கவில்லை. அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏழு. ஏழு. ஏழு.

விசிறி இல்லாவிட்டாலும் அந்த அறையின் காற்று ஓர் ஆளுக்கு ஒரு நாள் தாங்கும். பிறகு தலைவலி. பிறகு தூக்கம்.

போக முடியாது. கூண்டு இல்லாமல் இந்தக் கதவைத் திறந்தால் கடல் உள்ளே வரும், நான் வெளியே போகமாட்டேன்.

அவருடைய இயந்திரம் ஓடி, என்னுடையதுதான் அதை அமுக்குகிறதோ என்று ஒரு நினைப்பு. என் காற்று இயந்திரத்தை அணைத்துவிட்டு, முகவரியை முழுதாக அவருக்கு விட்டுக் காத்திருந்தேன். தலை கனக்கத் தொடங்கும் வரை. இரண்டாம் போர்ட் காலியாகவே கிடந்தது. திரும்ப எழுப்பினேன்.

சாப்பிட உட்கார்ந்தேன். டின்னைத் திறக்காமலே அட்டவணைக்குத் திரும்பினேன்.

நவம்பர் 25, காலை 9:50

ஏழு.

நவம்பர் 25, காலை 10:35

விசிறி நின்றது.

அட்டவணையில் இரண்டு. இரண்டாம் போர்ட். ஒரு கை தட்டினால்தான் அது எழும்.

அடித்தேன். எடுத்தார். மூச்சு மட்டும் முதலில் வந்தது.

“பேட்டரி செத்துட்டு... கூண்டுல இருந்தத கழத்தி... இழுத்துட்டு வந்து மாட்டுனேன்... நேரமாயிட்டு தங்கச்சி.”

“அண்ணாச்சி, பேசாதீங்க. மூச்சு விடுங்க.”

“இருக்கேன்னு எழுதிக்கிடுங்க.”

விசிறி இங்கே ஓடியது. அங்கே நின்றிருக்கும். அவருக்கு இப்போது ஒரு நிமிடக் காற்றுகூட வீணாகக் கூடாது. என்னிடம் இன்னும் கேட்கவும் சொல்லவும் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்காமலே பிடுங்கினேன்.

நவம்பர் 25, காலை 10:50

முதலில் இதைப் படிப்பவருக்கு:

வியாகுலம் உயிரோடு இருக்கிறார். கூண்டோடு போய்விட்டார் என்று கரையில் எழுதியிருப்பார்கள். அது தவறு. இறங்கியதும் என்னைப் பார்க்க நிற்க வேண்டாம். எனக்குக் காற்று இருக்கிறது. நேரே இடம்புரிக்குப் போங்கள். கூண்டின் பேட்டரி எத்தனை நாள் வரும் என்று எனக்குத் தெரியாது. இனி மதியத்தில் மாட்டப் போவதில்லை. மாட்டினால் அவருடைய காற்றைத்தான் எடுப்பேன்.

கேபிளின் நுனி என் கையில் இருக்கிறது. விசிறி நிற்காமல் ஓடுகிறது. பிங் தவறாமல் பதில் சொல்கிறது, அவருடைய இயந்திரம் நின்றிருந்த நேற்றைப் போலவே.

அதைப் பார்க்க முடியவில்லை. திரையை அணைக்கிறேன்.