மாட்டுத் தொட்டியோரக் கடை

மைசூர், 12-3-1926

சௌபாக்கியவதி மாதேவிக்கு மல்லப்பன் எழுதுவது. நான் சுகம். நீயும் குழந்தையும் சுகந்தானே?

மண்டி மொஹல்லா கடைத்தெருவில் உன் அண்ணன் தொட்டையனின் வெல்லக் கடைக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பார்த்துத் தரச் சொன்னதற்கு, அவர், "மாட்டுத் தொட்டியோரம் போய்க் கடை போடுங்க மாப்பிள்ளை" என்று நாலு பேர் முன் சிரித்தாரே, அங்கேயே போட்டுவிட்டேன். நஞ்சன்கூட்டு வெல்ல வண்டிகள் ஊருக்குள் நுழையுமுன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட இங்கேதான் நிற்கின்றன. மாடு குடித்து முடிப்பதற்குள் வெல்லம் என் கடைக்குள் இறங்கிவிடுகிறது. அவர் ஈ ஓட்டுகிறார்.

நேற்று அவரே வந்து, "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

"தொட்டியில தண்ணி மிச்சமிருக்குதுங்க, குடிச்சுட்டுப் போங்க" என்றேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். ஊருக்கு வரும்போது உன் அண்ணனிடம் மட்டும் ஊறுகாயைக் கொடுத்தனுப்பாதே. இந்த ஊரில் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மறுபடி கேட்டால் இளகிவிடுவேன்.

மல்லப்பன்